நீர் மாத்திரையும் டார்ச் லைட்டும்

கடிதம் எழுதியிருப்பவருக்கு 72 வயது. தென்காசி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அரசுப் பேருந்தில் 31 வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கோடு போட்ட தாளில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன் இவருக்கு மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ‘இதயத்தின் பம்பிங் 40 தான்’ என்று அப்போதே சொல்லி, மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். மனைவி இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பத்து மாதத்துக்கு முன் அவர் காலமாகிவிட்டார். இப்போது வீட்டில் இவர் மட்டும். மகன் மஸ்கட்டில் இருக்கிறார். மகள் சென்னையில், மேடவாக்கம் பக்கம் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில். “வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்கப்பா” என்று வாரம் தவறாமல் சொல்கிறாராம். போன மாதம் மகள் ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பியிருக்கிறார்: தனிமை என்பது தினம் 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மாரடைப்பு நிச்சயம் என்று. “நான் பீடி சிகரெட் தொட்டதே இல்லை. டிரைவர் விட்ட புகையை மோந்ததோடு சரி. இந்த வயசில் எனக்கு இந்தத் தண்டனையா?” என்று கேட்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. தனியாக இருப்பதால் இதயம் உண்மையிலேயே கெடுமா? மகளோடு போய்விடுவதுதான் சரியா? பம்பிங் 40 என்றால் இன்னும் எத்தனை காலம்?

இவற்றுக்கு நடுவே, கேள்வியாக இல்லாமல், சும்மா சொல்லிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு விஷயங்களை எழுதியிருக்கிறார். நாலாம் பக்கத்தில்: “ராத்திரி படுத்தால் மூச்சு அடைக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. அவள் இல்லாத கட்டிலில் படுக்க உடம்பு ஒப்பவில்லை போலிருக்கிறது. இரண்டு மாதமாக ஈஸி சேரில்தான் தூக்கம். சாயங்காலம் ஆனால் செருப்பு வார் வேறு காலை இறுக்குகிறது.” ஐந்தாம் பக்கத்தில்: “நீர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டேன். அதைப் போட்டால் ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். கக்கூஸ் கொல்லைப்புறம். முன்னெல்லாம் அவள் டார்ச் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்பாள். இப்போது இருட்டில் விழுந்தால் தூக்க ஆளில்லை.”

ஐயா, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த நாலாம் பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் திக்கென்றது அந்த இடத்தில்தான்.

படுத்தால் மூச்சு அடைப்பதும், உட்கார்ந்தால் தெளிவதும், சாயங்காலம் கால் வீங்குவதும் துக்கத்தால் வருகிறவை அல்ல. பலவீனமான இதயத்தால் உடம்பில் சேரும் நீரைச் சமாளிக்க முடியவில்லை என்பதற்கான அறிகுறிகள் இவை. நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்த நீர் காலில் தேங்குகிறது. படுத்ததும் மேலேறி நுரையீரலை அழுத்துகிறது. நீங்கள் ஈஸி சேருக்கு மாறியது கட்டிலின் நினைவால் என்று நினைக்கிறீர்கள். உங்கள் நுரையீரல்தான் உங்களைச் சேருக்கு அனுப்பியிருக்கிறது. நினைவும் கூடவே இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நினைவு செருப்பு வாரை இறுக்காது.

எனவே இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குப் போய், நீர் மாத்திரையை நிறுத்தியதையும் மூச்சு அடைப்பதையும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். நீங்களாக மறுபடி மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம். இடைவெளி விழுந்த பிறகு சிறுநீரகத்தையும் உப்புச் சத்துகளையும் பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டும். இன்று ராத்திரியே உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை என்றால், விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அங்கே இன்னொன்றும் கேளுங்கள்: ‘இந்த மாத்திரையை எந்த நேரத்தில் போட வேண்டும்?’ டாக்டர்கள் நாங்கள் பொதுவாகக் காலையில் போடச் சொல்வோம். இரண்டாவது வேளை தேவைப்பட்டால் மத்தியானம், மிஞ்சிப் போனால் நாலு மணி. அப்படிப் போட்டால் பெரும்பாலும் படுக்கப் போவதற்குள் அதன் வேகம் அடங்கிவிடும். நீங்கள் எட்டு மணிக்குச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். மாத்திரை எதற்கு என்று சொல்கிற நாங்கள், எப்போது என்பதைப் பல சமயம் அவசரத்தில் விழுங்கிவிடுகிறோம்.

பம்பிங் 40 விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். நூற்றுக்கு 40, அதாவது 60 பங்கு செத்துப்போய்விட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படியில்லை. ஸ்டாப்பில் வண்டி நின்றால் உள்ளே இருக்கிற எல்லாருமா இறங்குகிறார்கள்? நல்ல இதயம்கூட ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும். அந்தக் கணக்கில் உங்களுடைய 40 குறைவுதான். ஆனால் மாத்திரை ஒழுங்காக இருந்தால் 40-லேயே வருஷக்கணக்கில் நடந்து திரிகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். அது நாலு வருஷத்துக்கு முந்திய எண் வேறு. இப்போது எவ்வளவு என்பதை எக்கோ சொல்லட்டும்.

அந்த 15 சிகரெட் கணக்கு

மகள் அனுப்பிய செய்தி முழுப் பொய் அல்ல, முழு உண்மையும் அல்ல. 2010-ல் அமெரிக்காவில் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் 148 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 3 லட்சத்து 8 ஆயிரம் பேருக்கு மேல். மனித உறவுகள் பலமாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. இந்த வித்தியாசத்தைப் புகைப்பதால் வரும் வித்தியாசத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் பிறந்ததுதான் 15 சிகரெட். 2023-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி தன் அறிக்கையில் அதை எடுத்துச் சொன்னார், உலகம் முழுக்கப் பரவியது. அது எல்லாக் காரணங்களாலும் வரும் மரணத்தைப் பற்றிய ஒப்பீடு. தனியாக இருப்பவர் நுரையீரலில் புகை படிகிறது என்ற அர்த்தம் அதில் இல்லை.

இதயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2016-ல் பிரிட்டனில் செய்த ஒரு தொகுப்பாய்வு இருக்கிறது. உறவுகள் நலிந்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் வரும் ஆபத்து 29 சதவீதமும் பக்கவாதம் வரும் ஆபத்து 32 சதவீதமும் கூடுதல் என்று அதில் கண்டார்கள். அமெரிக்க இதயச் சங்கமும் 2022-ல் ஏறக்குறைய 30 சதவீதம் என்றே சொன்னது. சில்லறை எண்ணிப் பழகியவர் நீங்கள், இந்தக் கணக்கைச் சரியாகப் பாருங்கள். 29 சதவீதம் கூடுதல் என்றால் நூறு பேரில் 29 பேருக்கு வரும் என்பதல்ல. நூறு பேரில் பத்துப் பேருக்கு வர வேண்டிய இடத்தில் 13 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் சாதாரண விஷயம் இல்லை. ஆனால் ‘நிச்சயம்’ என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. உடம்பு முடியாதவர்களும் வெளியே போவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்பதால், தனிமையால் நோயா, நோயால் தனிமையா என்பதை இத்தகைய ஆய்வுகளில் முழுக்கப் பிரித்தெடுப்பதும் கடினம்.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமான ஓர் ஆய்வு 1992-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில், மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்த 65 வயதைக் கடந்த 194 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மனசுக்கு ஆதரவாக யாராவது இருக்கிறார்களா என்பதுதான் அவர்கள் பார்த்தது. யாருமே இல்லை என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு நெருக்கமாக இருந்தது. இதைப் படித்த பிறகும் பல வருஷம் என் கிளினிக்கில் நான் சர்க்கரை கேட்டேன், கொழுப்பு கேட்டேன், ‘வீட்டில் யார் இருக்கிறார்கள்?’ என்று மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இந்தத் தனிமை இதயத்துக்கு எந்த வழியாகப் போகிறது? ஒரு வழி உடம்புக்குள்ளேயே இருக்கிறது. தனித்து விடப்பட்டோம் என்ற உணர்வு நீடித்தால், உடம்பு எப்போதும் ஆபத்தை எதிர்பார்க்கிற மாதிரி விறைத்தே இருக்கும். அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் அடங்குவதில்லை. பிரஷர் ஏறுகிறது, தூக்கம் துண்டு துண்டாகிறது, ரத்தக்குழாய்களில் அழற்சி கூடுகிறது. இது நிஜம், ஆனால் மெதுவாக நடப்பது.

இன்னொரு வழி அடுக்களை வழி, உங்கள் வீட்டில் திறந்து கிடப்பது அதுதான். “ஒரு ஆளுக்கு எதற்குக் குழம்பு” என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் வடித்த சோறு, மூன்று வேளையும் மோர், நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு அப்பளம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் சாப்பாட்டில் உப்பு அந்த அளவைத் தாண்டியிருக்கும். அந்த உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது. அந்த நீரை வெளியேற்ற வேண்டிய மாத்திரையை டார்ச் பிடிக்க ஆளில்லாததால் நிறுத்திவிட்டீர்கள். உங்கள் மனைவி குழம்பு வைத்தார், வாசற்படியில் விளக்கு பிடித்தார். அவர் போனதும் உங்கள் கால் வீங்குகிறது. அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்ல வந்த உண்மை, உங்கள் விஷயத்தில் இவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் ‘துக்கத்தில் இதயமே உடைந்துவிட்டது’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். திடீர் அதிர்ச்சியில் இதயம் சட்டென்று பலவீனமாகிற ஒரு நோய் இருக்கவே செய்கிறது. ஜப்பானியர்கள் அதற்கு ‘டகோட்சுபோ’ என்று பேர் வைத்தார்கள், ஆக்டோபஸ் பிடிக்கிற பானை என்று அர்த்தம். இதயம் அந்தப் பானை வடிவத்துக்கு உப்பிக்கொள்ளும். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும், சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். பத்து மாதம் கழித்துக் கால் வீங்குவது அந்தக் கணக்கில் வராது.

ஆள் துணை மாத்திரைக்கு ஈடாகாது

இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், ‘நாலு பேரோடு சிரித்துப் பேசினால் போதும், மாத்திரையே வேண்டாம்’ என்று மறுபக்கமாக ஒரு செய்தியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாரடைப்பு வந்த பிறகு மனச்சோர்வோ போதிய ஆதரவில்லாத நிலையோ இருந்த 2,481 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது, 2003-ல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்கு அதோடு மனநல ஆலோசனையும். ஆலோசனை பெற்றவர்களின் சோர்வு ஓரளவு குறைந்தது, ஆதரவும் கூடியது. ஆனால் மறுபடி மாரடைப்பு வருவதிலும் மரணத்திலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. உறவு முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் சொல்ல மாட்டேன். தொலைந்த உறவை வெளியிலிருந்து ஊசி மாதிரி ஏற்றிவிட முடியாது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். மாத்திரை அதன் வேலையைச் செய்யட்டும். மாத்திரை போட வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா என்பதில்தான் மனிதர்கள் வருகிறார்கள்.

சென்னையா, ஊரா?

இந்தக் கேள்வியில் உங்கள் மகளும் நீங்களும் ஒரே தவறைச் செய்கிறீர்கள். தனியாக இருப்பதும் தனிமையும் ஒன்று என்று இரண்டு பேருமே நினைக்கிறீர்கள். தனியாக வசித்துக்கொண்டு, ஒரு நாளில் இருபது பேரிடம் வாய் பேசுகிறவர் உண்டு. வீடு நிறைய ஆளிருந்தும் பேச்சற்றுக் கிடப்பவரும் உண்டு. இதயத்துக்கு இரண்டுமே தனித்தனியாகக் கெடுதல் செய்யக்கூடியவை, எனவே இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நீங்களே எழுதியிருக்கிறபடி மகளும் மாப்பிள்ளையும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டாகிவிடும். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அப்புறம் டியூஷன். நீங்கள் ஒன்பதாவது மாடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால், பகல் முழுக்க டிவி முன்னால். லிஃப்டில் இறங்கினால் யாரையும் தெரியாது. ஊரில் பெயர் தெரியாதவர்கள்கூட உங்களை ‘கண்டக்டரே’ என்று கூப்பிடுகிறார்கள். அங்கே வாட்ச்மேனுக்கு நீங்கள் 9-சி வீட்டுப் பெரியவர். சென்னையிலும் பூங்காவில் நடக்கிறவர்கள், கோயில் வாசலில் கூடுகிறவர்கள் என்று ஒரு வட்டம் அமையும், ஆனால் 72 வயதில் அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அதேசமயம் மகளின் பயத்தை உதறித் தள்ளாதீர்கள். நடு ராத்திரியில் நெஞ்சு வலித்தால் ஆயிரம் பேர் தெரிந்த ஊரிலும் நீங்கள் ஒற்றை ஆள்தான். ‘வாயுப் பிடிப்பாக இருக்கும், சோடா குடித்துப் பார்ப்போம்’ என்று தனியாக இருப்பவர் தாமதிப்பார். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அதட்டிக் கூட்டிப் போவார். சென்னையில் பெரிய மருத்துவமனைகள் பக்கம். பேரப்பிள்ளைகளோடு ராத்திரிச் சாப்பாடு என்பதும் சின்ன விஷயம் இல்லை.

என் அபிப்பிராயம் இது. முதலில் மூச்சையும் வீக்கத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு மாதமோ இரண்டு மாதமோ மகள் வீட்டில் இருந்து பாருங்கள், போகும்போதே திரும்பி வரும் தேதியை இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு. மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிற ஒருவர், துணையை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில், நிரந்தர முடிவு எடுக்கக் கூடாது. நான் பார்த்தவரை அப்படி எடுத்த முடிவுகளில் வருத்தம்தான் அதிகம்.

வீட்டை விற்கும் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சட்டம் என் துறை இல்லை, ஆனால் ஒன்று தெரியும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், 2007-ன் 23-ஆம் பிரிவின்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு பிள்ளைக்குச் சொத்து எழுதிக் கொடுத்து, அவர்கள் கவனிக்காமல் போனால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். ஆனால் வெளியாளுக்கு விற்றுவிட்டால் திரும்பக் கேட்க வீடு இருக்காது. உங்கள் மகள் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதம் முழுக்க அவர் உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறவராகத்தான் தெரிகிறார். ஊரில் வீடு இருந்தால், சென்னையில் நீங்கள் விருப்பப்பட்டு இருக்கிறீர்கள் என்று ஆகும். இல்லையென்றால் வேறு வழியில்லாமல் இருக்கிறீர்கள் என்று ஆகும். மனசுக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஊரிலேயே இருப்பதென்றால்

என்னைக் கேட்டால் கடைசியில் நீங்கள் ஊரில்தான் இருப்பீர்கள் என்று தோன்றுகிறது, அதை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் இப்போது இருக்கிற மாதிரி இருக்க முடியாது.

முதல் செலவு, கொல்லைப்புறத்துக்கு ஒரு பல்பும், படுக்கையிலிருந்து கை எட்டும் தூரத்தில் அதற்கு ஒரு சுவிட்சும், கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும். எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை. முடிந்தால் வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை. வீட்டை விற்பதைப் பற்றிப் பேசுகிற மகளிடம் இதற்குப் பணம் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்.

மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். காலையில் வாசல் தெளிக்கிற நேரத்தில் உங்கள் கதவு திறக்கவில்லை என்றால் தட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். சில நிமிஷத்தில் அடங்காத நெஞ்சு வலி, தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் முதலில் 108, அடுத்து பக்கத்து வீடு, அதற்கப்புறம்தான் மகள். ‘இதயம் காப்போம்’ என்று 2023 ஜூனில் தொடங்கிய திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற தன்னார்வலர் உங்கள் பகுதியில் யார் என்று விசாரித்து வையுங்கள். உங்கள் வாசலுக்கு வந்து போகிற இன்னொரு மனுஷர் அவர்.

தினம் காலையில் சிறுநீர் போன பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதுங்கள். 31 வருஷம் டிரிப் ஷீட் எழுதிய கைக்கு இது ஒன்றுமில்லை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இந்த எண்ணை தினம் மகளுக்கு அனுப்புங்கள். ‘சாப்பிட்டீங்களாப்பா’, ‘ம், சாப்பிட்டேன்’ என்று முடிகிற போன் பேச்சைவிட இது இரண்டு பேருக்கும் உருப்படியான பேச்சு.

ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றுங்கள், அப்பளத்தையும். ஒரு வேளையாவது யாரோடாவது சேர்ந்து சாப்பிட வழி இருக்கிறதா என்று பாருங்கள். என் நோயாளி ஒருவர், உங்களைப் போலவே மனைவியை இழந்தவர், எதிர்வீட்டு அம்மாவிடம் மாதப் பணம் கொடுத்து மத்தியானக் குழம்பு வாங்கிக்கொள்கிறார். உப்பு குறைத்துப் போடச் சொல்ல மூன்று மாதம் கூச்சப்பட்டார். சொன்ன பிறகு அந்த அம்மா, ‘எங்க வீட்டுக்காரருக்கும் பிரஷர்தாண்ணே’ என்று மொத்தச் சட்டியிலேயே உப்பைக் குறைத்துவிட்டாராம்.

அப்புறம் டீக்கடை. “போனால் எல்லாரும் ‘தனியா எப்படிண்ணே சமாளிக்கிறீங்க’ என்று கேட்கிறார்கள், அதனால் போவதை நிறுத்திவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை ஐயா, அதனால்தான் அதைக் கேட்கிறார்கள். நாலு நாள் போனால் கேள்வி தீர்ந்துவிடும், ஐந்தாம் நாள் தேர்தல், மழை என்று பேச்சு மாறும். கூட்டமாகப் போக முடியாவிட்டால் ஒரே ஒருவரிடமிருந்து ஆரம்பியுங்கள். உங்களோடு ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் இரண்டு தெரு தள்ளி இருப்பதாகவும், அவருக்கு முழங்கால் வலி என்றும் சொல்கிறீர்கள். அவரால் வர முடியாது, நீங்கள் போகலாம். டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு, உங்கள் நடைக்கு அந்த வீடுதான் போய்த் திரும்புகிற இடம். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கும் போங்கள். அகவிலைப்படியைப் பற்றி ஒரு மணி நேரம் ஆவேசமாகப் பேசுவதால் பிரஷர் ஏறாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் ஏறும், இறங்கிவிடும். நீங்கள் வராத மாதம் ‘கண்டக்டர் எங்கே?’ என்று ஒருவர் கேட்பார், அது எனக்கு முக்கியம்.

கடைசியாக, “சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது” என்ற வரி. துணை போன துக்கத்துக்குக் கால அளவு கிடையாது, அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் எதிலும் ஈடுபாடில்லாமல், பசியில்லாமல், இருப்பதே வீண் என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது இதயத்துக்கும் கெடுதல், அதற்குச் சிகிச்சையும் உண்டு. இதயத்துக்குப் பாதகமில்லாத மருந்துகள் இருக்கின்றன. நாளை பார்க்கப் போகிற டாக்டரிடம் அந்த வரியையும் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் கடிதத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள். அதற்கு முன்னாலேயே மனசு மோசமாகப் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதியோருக்கான பொது உதவிக்கு 14567.

எக்கோ முடிந்ததும் புது எண் என்ன வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ராத்திரி கட்டிலில் படுக்க முடிகிறதா, எத்தனை தலையணை வைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து.